தேரைக்கு எந்த ஊர்?

1

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொஞ்சக் காலமாக ஆப்பிரிக்கா விரிந்து கிடந்தது. சோற்றுக் கோப்பையை எங்கே வைப்பது என்று கேட்டால், "சகாராவில வையுங்கோ அம்மா, அங்கை தேரை இல்லை" என்பாள் மகள் மைதிலி. இவர், அதாவது என் கணவர், கொங்கோவுக்கு மேல் முருங்கைக்காய்ச் சக்கையை வைத்து ஒருநாள் நல்ல பேச்சு வாங்கினார். சுவிஸில் இந்தப் பாடன் நகருக்கு வந்து குடியேறி இத்தனை வருஷமாகியும் இந்த நாட்டு வரைபடத்தைக்கூட நான் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

மைதிலி சூரிச்சில் டொக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த டொக்டர் என்று விளக்காமல் விட்டேன், அவ்வளவுதான். அட்லிஸ்வில் முருகன் கோயிலில் ஒரு மாமி தன் முழங்கால் நோவைப் பற்றி அவளிடம் விலாவாரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் உண்மையை உடைக்க வேண்டி வந்தது. அவள் படிப்பது தேரையைப் பற்றி. அதுவும் ஆப்பிரிக்கத் தேரை. மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தேங்காயை உடைக்கும்போது உள்ளே பருப்பு வற்றிக் கிடந்தால், தேரை மோந்தது என்று தூக்கி எறிகிற சனம் நாங்கள். அதைப் படிக்கவென்று ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்களா?

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அங்கேயும் இதே கூத்துத்தான். என் ஜெர்மன் எப்போதும் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருக்கும். நடுவில் உள்ள சொற்களை விட்டுவிட்டு ஓடும். என் மகள் தேரைகளைப் பற்றிப் படிக்கிறாள் என்று சொல்லப்போய், என் மகள் ஒரு தேரை என்று சொல்லி முடித்தேன். கூட வேலை செய்யும் சுவிஸ் பெண் சிரிக்கவில்லை. தன் மகளும் அப்படித்தான் என்றார், மிக வாஞ்சையாக. இந்த நாட்டில் செல்லப் பெண்பிள்ளையைத் தேரை என்று சொல்லிக் கொஞ்சுவார்களாம். அது எனக்குத் தெரிய வரும்வரைக்கும் அந்தப் பெண்ணின் மகளை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2

தேரையின் கதையைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். பிழை இருந்தால் அது மகளுடையது அல்ல.

முன்பு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் இருந்த தேரைகளை ஒரே தேரை என்றுதான் வெள்ளைக்காரர் எண்ணியிருந்தார்கள். பிடித்ததைப் போத்தலில் போட்டு, சாராயம் ஊற்றி, ஒரே பெயரை எழுதி ஒட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பிறகு வந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டபோது, ஒரு பக்கத்துத் தேரை ஒரு மாதிரியும் மற்றப் பக்கத்துத் தேரை வேறு மாதிரியும் கத்துவது தெரிந்தது. ஒன்றாக இருந்தது பலவாகப் பிரிந்தது. மைதிலியின் தேரை அப்படிப் பிரிந்த ஒன்று. கெனியா, உகண்டாப் பக்கம் தொடங்கித் தெற்கே டேர்பன் வரைக்கும், மேற்கே அங்கோலா வரைக்கும் அது இருக்கிறது. தொண்டைக்குள் காறுவது போலக் கத்தும். தொடையின் பின்பக்கத்தில் சிவப்பு இருக்கும். சத்தத்தை அவள் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். இவர் காலையில் முகம் கழுவும் சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெயரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. முதலில் பூஃபோ என்ற பெரிய கூட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். பிறகு ஆப்பிரிக்கத் தேரைகளைத் தனியாக்கி வேறொரு பெயர் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு, ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்கு முன்னர் ஒரு சுவிஸ்காரர் வைத்து எல்லோரும் மறந்துபோயிருந்த ஸ்க்ளெரோஃப்ரிஸ் என்ற பெயர் அகப்பட்டது. முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை என்பது அவர்களுடைய சட்டம். ஆகவே திரும்பவும் மாற்றினார்கள். எனக்கு இரண்டாவது மாற்றத்தோடேயே தலை சுற்றிவிட்டது. நாங்கள் வந்த புதிதில் இவருடைய தகப்பனின் பெயரை அரசாங்கக் கந்தோரில் குடும்பப் பெயராகப் பதிந்ததால் நானும் மாமனாரின் பெயருக்கு முன்னால் திருமதி போட்டுத் திரிகிற கதையை எடுத்தேன். மைதிலி தடுத்துவிட்டாள்.

"அம்மா, தேரையை எங்களோட இணைக்காதேங்கோ. அது எங்களைப் பற்றிச் சொல்லுறதுக்கு வரேல்லை. அது தன்ரபாட்டில இருக்குது."

சரி என்று வாயை மூடினேன். ஆனால் கண் கேட்க வேண்டுமே. வரைபடத்தில் மூன்று நிறத்தில் புள்ளிகள். பச்சை என்றால் தேரை தானாக வாழ்கிற இடம். சிவப்பு என்றால் மனிதர்கள் தெரிந்தோ தெரியாமலோ கொண்டுபோய் விட்ட இடம்: மொரிசியஸ், ரீயூனியன், கேப் டவுன். கேப் டவுனும் டேர்பனும் ஒரே நாடு. என்றாலும் கேப் டவுனில் அது வந்தேறி. அங்கே முதலே இருந்த இன்னொரு தேரைக்கு இடைஞ்சல் என்று டோர்ச் அடித்துத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். மூன்றாவது நிறம் சாம்பல். பழைய போத்தலில் இருக்கிறது, பழைய பெயர் ஒட்டியிருக்கிறது, பிரித்த பிறகு எந்தத் தேரை என்று தெரியாது. அந்தச் சாம்பல் புள்ளிகளுக்கு ஒரு முடிவு காண்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக ஒரு வருஷம் டேர்பனில் போய் இருக்கப் போவதாகச் சொன்னாள்.

3

டேர்பனுக்குப் போக முன்னர் எழுத்து வைக்க வேண்டும் என்றும் சொன்னாள். எழுத்து என்றால் கலியாணப் பதிவு. கோயிலில் தாலி கட்டுவது திரும்பி வந்த பிறகாம்.

பெடியனின் பெயர் சுதன். சூரிச்சில் ட்ராம் ஓட்டுகிறான். எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவான். டொக்டருக்கு ட்ராம் ஓட்டுகிறவனா என்று நான் கேட்கவில்லை. தேரை டொக்டர்தானே. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அவர்கள் எந்த ஊர் என்று.

"பாஸ்போட்டில அட்லிஸ்வில் எண்டு கிடக்குது," என்றாள் மைதிலி.

சுவிஸ் பாஸ்போட்டில் பிறந்த இடம் இருக்காது. எந்த ஊர்ச் சபை உங்களுக்குக் குடியுரிமை கொடுத்ததோ அதுதான் உங்கள் சொந்த ஊர். அந்தக் கணக்கில் மைதிலி பாடன்காரி. நான் கேட்டது அதை அல்ல என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் மரியாதையான ஆட்கள் வாயால் சொல்வதில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம் என்று நாலு கேள்வி போதும். ஆளைக் கொண்டுபோய் உரிய இடத்தில் இருத்திவிடலாம். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்ததுதான்.

எழுத்துக்கு நாள் எடுக்கப் பிள்ளைகள் போனபோது கந்தோரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்து, இருவரும் பதிவில் இருக்கிறார்கள், வேறு பத்திரம் ஒன்றும் தேவையில்லை என்று சொல்லிவிட்டாராம். எனக்கு நம்ப முடியவில்லை. என் காலத்தில் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை குத்தி, அந்த முத்திரை உண்மையா என்று இன்னொரு முத்திரை குத்திக் கொண்டுபோனாலும் முகத்தைச் சுளிப்பார்கள். இப்போது அரசாங்கமே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

"எழுத்துக்கு ரெண்டு சாட்சி வேணும் அம்மா," என்றாள் மைதிலி. "சுதன்ர பக்கம் அவன்ர அம்மா. என்ர பக்கம் நீங்கள் நிக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. ஏலாது எண்டால் இப்பவே சொல்லுங்கோ, வேற ஆளைக் கேட்கிறன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திராது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்துவார்கள், பசித்தால் திறந்துகொண்டு வருவார்கள். இவள் அமைதியாக, சந்தைக்கு வருகிறீர்களா இல்லையா என்பது போலக் கேட்டாள். நான் சாட்சிக்கு நிற்காவிட்டால் அவள் டேர்பனுக்குப் போவது ஒரு வருஷத்துக்கு மட்டுமாக இருக்காது என்று எனக்குத் துலக்கமாக விளங்கியது.

4

விளங்கியும் விசாரித்தேன். அதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம்.

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் தீவுப்பக்கத்து ஆட்கள், ஒரு குறையும் இல்லை என்றாள். பாரிஸில் இருக்கும் மச்சாள், தீவாவது ஒன்றாவது, அவர்கள் வடமராட்சி, தாய் பக்கம் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றாள். ஊரில் இருக்கும் சித்தப்பா மன்னார்ப் பக்கத்துச் சனம் என்று அடித்துச் சொன்னார். ஒவ்வொருவரும் நேரில் கண்டதாகவே சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்து விளங்கியது, அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. சுதனின் தாய் சரோஜாக்கா பிறந்தது ஓரிடம், வாழ்க்கைப்பட்டது ஓரிடம். இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், மன்னாரில் கொஞ்சக் காலம் இருந்து, படகேறி, இந்தியாவில் முகாமில் இருந்து, கணவரை அங்கேயே எரித்துவிட்டு, கைக்குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தவர். எங்கே யார் கண்டார்களோ, அந்த இடத்தையே அவருக்கு ஊராக்கிவிட்டார்கள்.

ஒரு நாள் போனை வைத்த பிறகு பழைய காட்சி ஒன்று ஞாபகம் வந்தது. நாங்களும் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள்தான். மழைக்குள் நடந்து போய்ச் சேர்ந்த அன்று, இடம் கிடைத்த இடத்தில் எல்லோரும் விழுந்து படுத்தோம். ஒரே வாளித் தண்ணீரைத்தான் அந்த மண்டபமே குடித்தது. அடுத்த நாள் காலை சனம் எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்கத் தொடங்கியது. பின்னேரத்துக்கு இடையில் பாய்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. ஒரு குடும்பம் தானாகவே எழும்பி விறாந்தைக்குப் போனது. அவர்களை ஒருவரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. விறாந்தையில் தூவானம் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது நினைத்தால், தள்ளிப் படுத்து இடம் விட்டிருக்கலாமே என்று படுகிறது. அப்படி நினைத்துவிட்டுத்தான் அடுத்த நாளும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அப்படி நினைத்தவள், போன் எடுத்தவள், இந்த இரண்டு பேரில் நான் யார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இவரிடம் கேட்டுப் பார்த்தேன். விசாரித்து நல்ல பதில் வந்தால் என்ன செய்வது? எழுத்துக்குப் போவோம் என்றார். மற்ற மாதிரிப் பதில் வந்தால்? அப்போதும் எழுத்துக்குப் போவோம் என்றார். பிறகு ஏன் விசாரிக்கிறோம் என்று கேட்டேன்.

"நான் விசாரிக்கேல்லை. நீர்தான் விசாரிக்கிறீர்," என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

5

ஒரு சனிக்கிழமை மைதிலிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். நிலத்துக்குக் கீழே ஓர் அறை. குளிர். இறாக்கை இறாக்கையாகப் போத்தல்கள். உள்ளே தேரைகள் கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்தபடி மிதந்தன. எல்லாம் ஒரே வெளிறிய மண்ணிறம். சிவப்புத் தொடையைக் காட்டு என்றேன். சாராயத்துக்குள் கிடந்தால் நாளடைவில் அந்தச் சிவப்பு போய்விடும் என்றாள். உயிரில்லாதது கத்தவும் போவதில்லை. ஒட்டியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாமே என்று கேட்டேன். அதையும் நம்ப முடியாதாம். எங்கே பிடித்தோம் என்பதை விட்டுவிட்டு, எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றினோம் என்பதை எழுதி அனுப்பியவர்களும் உண்டாம். தசையில் ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதித்தாலும், பழைய மருந்தில் ஊறியது பல தரம் ஒன்றும் சொல்லாதாம்.

"அப்ப இந்தப் போத்தலுக்குக் கடைசியா என்ன எழுதுவாய்?"

"தெரியேல்லை எண்டு எழுதுவன்."

இதற்கும் ஒரு டொக்டர் பட்டமா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அடித்தது. ரொறன்ரோ அக்கா. திரையில் தெரிந்த பெயரை மைதிலி பார்த்தாள். நான் எடுக்கவில்லை. அவள் சோற்றுப் பெட்டியைத் திறந்து, கத்தரிக்காய்க் குழம்பை மணந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பெரியம்மா என்ன சொல்லுறா? சுதன் பச்சையோ, சாம்பலோ?"

தேரையை எங்களோடு இணைக்காதே என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். நான் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன். வெட்கமாக இருந்தது. அவள் சாப்பிடத் தொடங்கினாள்.

6

இனி ஆளையே நேரில் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜாக்காவை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸப் பக்கம் இருக்கிறார். கந்தோர்கள் கூட்டித் துடைக்கிற வேலை. என்னைவிட மூப்பு. கையில் ஒரு பேணி நிறையப் பயத்தம் பணியாரம் கொண்டுவந்தார். வாங்கி மேசையில் வைத்தேன். உடனே ஒன்றை எடுத்துக் கடித்திருக்க வேண்டும். கை போகவில்லை. அது போகாததை அவர் பார்த்தார். இவர் அதற்குள் இரண்டாவதை மென்றுகொண்டிருந்தார். இவருடைய நாக்குக்கு நான் நன்றி சொன்னது அன்று ஒரு நாள்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் பிள்ளைகள் இரண்டும் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார்கள். நான் தொடங்கினேன். அவர்களுடைய ஊர்க் கோயிலில் தேர் எந்த மாதம் என்று கேட்டேன். எந்தக் கோயிலைச் சொல்வது, போன இடமெல்லாம் ஒரு கோயில் இருந்ததே என்றார். படித்த பள்ளிக்கூடத்தைக் கேட்டேன். ஒன்றில் தொடங்கி வேறொன்றில் முடித்தாராம். சுற்றிக்கொண்டு கலியாணக் கதைக்கு வந்து, யார் முன்னுக்கு நின்று செய்துவைத்தார்கள் என்று கேட்டேன். அப்போதும் இடம்பெயர்ந்துதான் இருந்தோம், பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள் என்றார். எல்லாம் உண்மையான பதில். ஒன்றிலும் எனக்கு வேண்டியது இல்லை. எனக்குக் கேள்வி தீர்ந்து போனது.

அவர் கை துடைத்த துவாயை மடித்து மடியில் வைத்தார்.

"தங்கச்சி, நீங்கள் என்ன கேட்கிறியள் எண்டு எனக்கு விளங்குது. நானும் விசாரிச்சனான்."

யாரை என்று கேட்டேன்.

"உங்களைத்தான். எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. விசாரிக்காமல் இருப்பனோ?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத்தான் வேண்டும். எங்களை விசாரிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊர், எங்கள் கோயில், எங்கள் ஆட்கள் எல்லாம் நாலு பேருக்குத் தெரிந்த விஷயம். விசாரிக்கிறவர்கள் நாங்கள், விசாரிக்கப்படுகிறவர்கள் மற்றவர்கள். இப்படி ஓர் எண்ணம் எனக்குள் குந்திக்கொண்டிருந்தது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

"என்ன சொன்னவை?" என்று கேட்டேன்.

"மூண்டு பேரைக் கேட்டன். மூண்டு பேரும் மூண்டு விதமாச் சொல்லிச்சினம். அதில ஒண்டு அவ்வளவு நல்ல கதை இல்லை. சொல்லட்டோ?"

அவர் முகத்தில் கேலி இல்லை. ஓம் என்றிருந்தால் சொல்லியிருப்பார். யார் சொல்லியிருப்பார்கள் என்று என் மனம் ஓடியது. அம்மா வழியில் எங்களோடு போக்குவரத்து இல்லாத ஒரு குடும்பம் இருந்தது. ஏன் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. அதுவாக இருக்குமோ? அல்லது முழுக்கப் பொய்யோ? பொய் என்றால் கேட்பதில் என்ன பயம்? விறாந்தைக்கு எழும்பிப் போன அந்தக் குடும்பத்துத் தாயின் முகம் எனக்கு ஞாபகமே இல்லை என்பது ஏனோ அப்போது மனதில் தட்டியது.

"வேண்டாம் அக்கா," என்றேன்.

இவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்களும் கேட்கேல்லை, நானும் கேட்கேல்லை," என்றார் சரோஜாக்கா. பிறகு, அதே குரலில், "எழுத்துக்கு என்ன சீலை உடுக்கப் போறியள்?" என்று கேட்டார்.

7

எழுத்து நல்லபடியாக நடந்தது. சரோஜாக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாட்சிக் கையெழுத்து வைத்தோம். மைதிலி இப்போது டேர்பனில் இருக்கிறாள். போன் எடுக்கும்போது பின்னால் தேரைகள் கத்துவது கேட்கும். எது எந்தத் தேரை என்று அவள் சொல்லித் தருகிறாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கிறது. சுதன் லீவு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

ரொறன்ரோ அக்கா இன்னும் விடவில்லை. கடைசியில் அவர்கள் எந்த ஊராம் என்று கேட்கிறாள். தெரியாது என்கிறேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவள் பாரிஸ் மச்சாளிடம் சொன்னதாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமைகளில் சரோஜாக்காவும் நானும் சேர்ந்து அட்லிஸ்வில் கோயிலுக்குப் போகிறோம். ரயிலில் எதிரெதிரே இருந்து பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றி, தேங்காய் விலையைப் பற்றி எல்லாம் கதைக்கிறோம். நல்ல மனிசி. சில நேரம் கதை ஓய்ந்து அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குள் அந்தக் கேள்வி எழும்பும். வாய் வரைக்கும் வரும். நான் இன்ன ஆள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் சரோஜாக்கா அன்றைக்கு எங்கள் வீட்டுப் படியேறி வந்தார்.